இன்ஜின் சூடாகிப் பழுதானால் செலவு யாருடையது?

கேள்வி: நான் கரூரில் பள்ளி ஆசிரியர். இரண்டு வருடங்களுக்கு முன் 9 லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கினேன். வாரண்டி 3 வருடம். இன்ஜின் அதிகம் சூடாகிறது என்று, கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் கொடைக்கானல் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்த இடமில்லாமல் அடுத்த வளைவு வரை ஓட்டினேன், வண்டி நின்றுவிட்டது. "சூடான பிறகும் ஓட்டியதால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது, இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துப் போடுங்கள், 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். கட்டிவிடுவதா? புதுக் கார் கேட்க முடியுமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தைவிட முக்கியமான விஷயம், இன்ஜினை இப்போது பிரிக்கவிடக் கூடாது. பிரித்து, பழைய பாகங்கள் குப்பைக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கும் அதோடு போய்விடும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்ஜின் முதலில் ஏன் சூடானது? சூடான பிறகு எது அதைக் கெடுத்தது? சர்வீஸ் சென்டர் இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆனால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, போவது பெரும்பாலும் விளைவுதான். காரணம், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டதாகவோ, வாட்டர் பம்ப் வேலை செய்யாததாகவோ, ரேடியேட்டர் ஃபேன் சுற்றாததாகவோ, எங்கோ கசிவாகவோ இருக்கலாம். கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது. நான்கு மாதத்தில் இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கே போகிறது என்று தேடியிருக்க வேண்டும். தேடாமல் ஊற்றி அனுப்பியதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாடு என்று சொல்லும்.

ஆகவே வண்டியை விட்டபோது உங்கள் புகாரை எழுதித் தந்த அந்த இரண்டு ஜாப் கார்டுகளும் பில்களும்தான் உங்கள் கையிலிருக்கும் மிகப் பெரிய ஆதாரம். "இன்ஜின் ஹீட் ஆகிறது" என்று உங்கள் புகார் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தேதிகளில் அனுப்பிய வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஸ்கேனர் ரிப்போர்ட். இன்ஜினின் கணினியில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால், அந்த நேரத்துக் கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் போன்றவையும் சேர்ந்து பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாரண்டி மறுப்பதற்கான காரணத்தையும் எந்த விதியின்படி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் ஒன்று சொல்லிவிட்டு எழுதும்போது வேறு சொல்பவர்கள் உண்டு.

ஒரு வளைவு தாண்டி ஓட்டியது உங்கள் தரப்பின் பலவீனம்தான். மறைக்காதீர்கள். மலைப்பாதையில் நடுவழியில் நிறுத்த முடியாததை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அதனால் உங்கள் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம். முன்பே இருந்த பழுது அதனால் இல்லாமல் போய்விடாது.

புதுக் கார் கிடைப்பது கடினம். வாரண்டியின் கீழ் உற்பத்தியாளரின் கடமை பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், மொத்தக் காரையும் மாற்றுவது அல்ல என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாருதி கார் வழக்கில் சொன்னது. சரிசெய்யவே முடியாத உற்பத்திக் குறை என்று நிபுணர் அறிக்கை இருந்தால் வேறு விஷயம். இலவசப் பழுதுபார்ப்பு, கார் இல்லாத நாட்களின் வாடகை வண்டிச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள்.

முதலில் சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து 15 நாள் அவகாசத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பதில் இல்லையென்றால் கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருவர் மீதும் புகார் கொடுங்கள். சர்வீஸ் சென்டர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பழுதை நிபுணரை வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடும்படி மனுவிலேயே கேளுங்கள்.

இன்சூரன்ஸை அதிகம் நம்பாதீர்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் இயந்திரப் பழுது சேராது. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதலாக எடுத்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள்.

கார் இல்லாமல் முடியாது, உடனே சரி செய்தாக வேண்டும் என்றால், ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை வைத்துப் பிரிக்கும்போதே பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்குங்கள். வீடியோ எடுங்கள். பழைய கேஸ்கட், தெர்மோஸ்டாட், பம்ப் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லின் மேலேயே "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன், வழக்கு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகலை வைத்துக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.