அகராதியை அகரவரிசையில் மனனம் செய்யும் மகளுக்காக ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற வாரம் நீங்கள் மகளை அழைத்து வந்தபோது மேசையில் வைத்த கொப்பியைப் பற்றி விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உயர்தரம் முழுவதையும் தமிழில் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குத் தெரிவாகியுள்ள பிள்ளை, கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆங்கிலத்தில் நடைபெறும் விரிவுரைகளை எப்படி விளங்கிக்கொள்வது என்ற பயத்தில், ஆங்கில அகராதியின் முதற் பக்கத்திலிருந்து நாளுக்கு 20 சொற்களாக அந்தக் கொப்பியில் எழுதி வந்திருக்கிறாள். நான் இடையிடையே கேட்ட 10 சொற்களில் இரண்டுக்கே அவளால் பொருள் சொல்ல முடிந்தது. நீங்கள் உடனே அவளுடைய ஞாபகசக்தியைக் குறை கூறினீர்கள். அகரவரிசையில் அடுத்தடுத்து வரும் சொற்களுக்குள் பொருளால் எந்த உறவும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட 20 சொற்களை ஒரே மாலையில் எழுதி, மறுநாள் வேறு 20 சொற்களுக்குப் போகிற எவருக்கும் அதே நிலைதான் ஏற்படும்.

முதலில், உயர்நிலைச் சொல்வளம் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அது நீளமான, அரிய சொற்களின் சேர்க்கை என்று பலரும் எண்ணுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். பல்கலைக்கழகத்தில் எனது முதலாவது ஆய்வுகூட அறிக்கையில், 'யூஸ்' என்ற சிறு சொல்லை எழுத வேண்டிய இடங்களிலெல்லாம், அதே பொருள் தரும் நீளமான 'யூட்டிலைஸ்' என்பதை எழுதி வைத்திருந்தேன். விரிவுரையாளர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வெட்டித் தந்தார். உண்மையில் முதலாம் ஆண்டு மாணவரைத் தடுமாற வைப்பவை அன்றாடச் சொற்களுக்கும் பாடக் கலைச்சொற்களுக்கும் நடுவில் நிற்கும் சொற்கள்: ஆராய்தல், மாறுபடுதல், மதிப்பிடுதல், காரணி, செயன்முறை என்பவற்றை ஆங்கிலத்தில் குறிக்கும், எந்தப் பாடநூலைத் திறந்தாலும் வந்துகொண்டேயிருக்கும் சொற்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய மொழியியலாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் இத்தகைய சொற்களைத் தேடி, கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட நூற்பகுதிகளை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். ஆய், ஆய்வு, ஆய்வாளர் என்பவை தமிழில் ஒரு குடும்பமாவது போல, 'அனலைஸ்', 'அனலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' என்பவை அங்கே ஒரே குடும்பமாக எண்ணப்படுகின்றன. கல்விசார் நூலொன்றில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த 570 குடும்பங்களைச் சேர்ந்தது. ஒரு தடித்த அகராதியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய சுமை என்பதை நீங்களே பாருங்கள்: நாளுக்கு 5 குடும்பங்கள், வாரத்தில் 6 நாட்கள், ஞாயிறு மீட்டலுக்கு என்று வைத்தால் 19 வாரங்களில் முடிந்துவிடும். பீடம் தொடங்க இன்னும் ஐந்து மாதமளவில் இருப்பதாகச் சொன்னீர்கள், அது போதும்.

கலைச்சொற்களைப் பற்றித்தான் மகள் அதிகம் பயப்படுகிறாள். எனக்கோ அந்த இடத்தில் பயமே இல்லை. தமிழில் படித்ததை ஒரு குறைபாடாக அவள் நினைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில் கருத்து ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது, அதற்கு இன்னொரு பெயர் மட்டுமே தேவைப்படுகிறது. அந்தப் பெயர்கள் கூட முற்றிலும் அந்நியமானவை அல்ல. 'ஸ்டோமா' என்பது கிரேக்கத்தில் வாய். நாங்கள் இலைவாய் என்கிறோம். 'மைற்றோகொண்ட்ரியா' என்பதில் முற்பாதி நூலிழையையும் பிற்பாதி சிறு மணியையும் குறிக்கின்றன. நாங்கள் இழைமணி என்கிறோம். 'போட்டோ' ஒளி, 'சிந்தெசிஸ்' தொகுப்பு; ஒளித்தொகுப்பு அப்படியே வந்துவிட்டது. தமிழ்க் கலைச்சொல்லைப் பிரித்துப் பார்த்து அதன் ஆங்கிலச் சொல்லோடு பொருத்தும் பழக்கம் வந்துவிட்டால், ஒரு வேரிலிருந்து பத்துச் சொற்கள் திறந்துகொள்ளும். அப்பாவின் வயலிலும் அவளுக்குச் சொற்கள் கிடக்கின்றன. இரணைமடுக் குளத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் துருசு 'ஸ்லூஸ்'. குளம் நிரம்பி வான் பாயும் இடம் 'ஸ்பில்வே'. அந்தக் குளத்தை நிரப்பும் கனகராயன் ஆற்றுக்கு நீரைச் சேர்த்துத் தரும் நிலப்பரப்பு 'கச்மன்ற்'. நகரத்தில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு இச்சொற்கள் எழுத்தாகத் தெரிந்திருக்கலாம். உங்கள் மகள் அந்தத் துருசு திறபடுவதைப் பார்த்து வளர்ந்தவள்.

ஆபத்து, தெரிந்த சொற்களில்தான் இருக்கிறது. 'கல்ச்சர்' என்றால் பண்பாடு என்று படித்தவள், இழைய வளர்ப்புப் பற்றிய விரிவுரையில் அதே சொல்லைக் கேட்டுக் குழம்புவாள். 'சொலூஷன்' தீர்வாகவும் வரும், கரைசலாகவும் வரும். 'ஸ்ட்ரெஸ்' மனிதருக்கு மன அழுத்தம். பயிருக்கு நீரில்லாத வாட்டம். 'யீல்ட்' என்பது விளைச்சலைக் குறிக்கும் பெயராகவும், விளைச்சலைத் தருதல் என்ற வினையாகவும், விட்டுக்கொடுத்தல் என்ற பொருளிலும் வரும். ஆகவே சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

வாக்கியத்தோடு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை பெய்யும், வெயில் எறிக்கும், குளம் வான் பாயும் என்கிறோம். வெயில் பெய்கிறது என்று எவரும் சொல்வதில்லை, அதற்கு விதியொன்றை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவுமில்லை. ஆங்கிலத்திலும் சொற்களுக்கு இப்படிப்பட்ட துணைகள் உண்டு. விளைச்சல் அங்கே 'ஹை' ஆக இருக்கும், 'பிக்' ஆக இருப்பதில்லை; மழை 'ஹெவி' ஆக இருக்கும், 'ஸ்ட்ரோங்' ஆக இருப்பதில்லை. துணையை விட்டுச் சொல்லை மட்டும் மனனம் செய்தவரின் எழுத்து, இலக்கணப் பிழை ஒன்றுமில்லாதபோதும் வாசிப்பவருக்கு உறுத்தும்.

செய்முறை எளிது. பழைய கலண்டர்த் தாள்களைச் சிறு அட்டைகளாக வெட்டி, ஒரு பக்கத்தில் தமிழ்ப் பொருளையும், மறு பக்கத்தில் ஆங்கிலச் சொல், அதன் வாக்கியம், தமிழெழுத்தில் உச்சரிப்பு ஆகியவற்றையும் எழுதட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நீங்கள் தமிழ்ப் பக்கத்தை வாசித்துக் கேளுங்கள். அவள் வாக்கியத்தோடு சொல்லட்டும். ஆங்கிலம் தெரியாத தன்னால் என்ன உதவி செய்ய முடியும் என்று நீங்கள் அன்று கேட்டதற்கு இதுவே எனது பதில்; உச்சரிப்பு தமிழில் இருப்பதால் சரிபிழையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். படித்தது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகும் என்பதை 1885இல் ஜேர்மனிய உளவியலாளர் எபிங்கௌஸ் தன்னையே சோதித்துக் காட்டினார்; மறக்கத் தொடங்கும்போது மீட்டினால் அது நிலைக்கும். எனவே ஒவ்வொரு அட்டையையும் மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் மறுபடி கேளுங்கள். தவறிய அட்டை முதல் நாளுக்குத் திரும்பட்டும்.

வாசிப்புக்குப் பெரிய நூல்கள் இப்போது வேண்டாம். விவசாயத் திணைக்களம் நெல், மிளகாய், நிலக்கடலை போன்ற பயிர்களுக்கான வழிகாட்டல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. ஒரே பயிருக்கான இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக வாசிக்கட்டும்; முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம். உயர்தரப் பொது ஆங்கிலப் பாடநூலையும் தூசு தட்டி எடுக்கலாம். அதன் பெறுபேறு, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசற் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் எங்கள் பிள்ளைகள் அதைத் திறப்பதே அரிது. அந்த இரண்டு வருட இடைவெளிதான் இப்போது பயமாக வந்து நிற்கிறது.

ஒரே மாதத்தில் 3000 சொற்கள் என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்கு முற்பணம் கட்டவா என்று கேட்டிருந்தீர்கள். கட்டவேண்டாம். அந்தப் பணத்தில், எளிய ஆங்கிலத்தில் பொருளும் வாக்கியமும் தரும் கற்போருக்கான அகராதியொன்றை வாங்குங்கள். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது கொப்பி தேவையில்லை. முதல் 60 அட்டைகளை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், இம்முறை கேள்வியை நீங்களே கேளுங்கள், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.