பன்னிரண்டு பம்ப், ஒரு புளித்த பைண்ட்

கேள்வி: பல வருடங்களாக லண்டனில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஆங்கிலேய நண்பர்கள் ‘காஸ்க் ஏல்’ என்ற பீப்பாய் பீர் என்றால் உருகிவிடுகிறார்கள். போன திங்கட்கிழமை மதியம் ‘சிட்டி’ என்ற அலுவலகப் பகுதியில், பீப்பாயிலிருந்து பீரைக் கையால் இழுக்கும் ஹேண்ட்பம்ப் பன்னிரண்டு வரிசையாக நிற்கும் பெரிய பப் ஒன்றுக்குப் போய் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) வாங்கினேன். வெதுவெதுப்பு, நுரை இல்லை, காடி மாதிரிப் புளிப்பு. குடித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இவர்களுக்கு பீர் தயாரிக்கவே தெரியாது என்கிறேன், சரிதானே? போதாக்குறைக்கு இதில் மீன் சேர்க்கிறார்கள் என்கிறார் அலுவலக நண்பர். நான் சைவம். கிண்டல் செய்கிறாரா?

– லண்டன் வாசகர்

பதில்: சரியில்லை. தயாரித்தவரை விட்டுவிடுங்கள். குற்றத்தில் பாதி அந்த பப்பை நடத்துகிறவருடையது, மீதி அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் தேர்ந்தெடுத்த உங்களுடையது. பன்னிரண்டு பம்ப் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அங்கேதான்.

காஸ்க் ஏல் உயிருள்ள சரக்கு. வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல், ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். அது பப்பின் நிலவறையில் படுத்தபடியே நொதித்து முடிகிறது. வந்து இறங்கிய பீப்பாயை அப்படியே குழாய் மாட்டி விற்க முடியாது. மேல் துளையில், காற்றை விடும் மெத்தென்ற மர ஆப்பைச் செருகி, பொங்கும் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும். பொங்கல் தணிந்ததும் கெட்டி ஆப்பைச் செருகி மிச்ச வாயுவை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். மண்டி அடியில் இறங்கித் தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அப்புறம்தான் விற்பனை. அங்கிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பைண்ட் மேலே ஏறும்போதும் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகிறது. காலையில் இறக்கிய கள்ளை அடுத்த நாள் வரை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்குக் கெடு மூன்று நாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கணக்குப் போடுங்கள். பப்களில் சாதாரணமாகப் புழங்கும் சிறிய பீப்பாய்க்கு ‘ஃபர்கின்’ என்று பெயர். 9 கேலன், அதாவது 72 பைண்ட். பம்புக்கு ஒரு பீப்பாய் வீதம் பன்னிரண்டு பம்ப் என்றால் 864 பைண்ட். மூன்று நாளில் காலியாக வேண்டுமானால் தினம் 288 பைண்ட் காஸ்க் ஏல் மட்டும் ஓட வேண்டும். அதே பாரில் பாதிப் பேர் ‘லாகர்’ என்ற ஜில்லென்ற பீர் குடிப்பார்கள், சிலர் ஒயின் குடிப்பார்கள், சிலர் காப்பியோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கிருந்து ஓடும்? இதில் நீங்கள் போனது திங்கட்கிழமை மதியம், அதுவும் சிட்டியில்! அலுவலகக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் அந்தப் பகுதி பப்களில் பல சனி, ஞாயிறு கதவைத் திறப்பதே இல்லை. வியாழக்கிழமை திறந்த பீப்பாயின் மிச்சத்தைத்தான் உங்களுக்கு ஊற்றியிருப்பார்கள். அதுவும் முதல் பைண்ட் என்றால், குழாயில் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்ததும் சேர்ந்தே வந்திருக்கும். ஒழுங்கான பப்காரர் கடை திறக்கும்போதே அதை இழுத்துக் கொட்டிவிடுவார். கொட்ட மனம் வராதவர் உங்கள் தலையில் கட்டுவார்.

புளிப்புப் புகார் நியாயமானது, பழையதும்கூட. 1871இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் லண்டன் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய், அங்கிருந்த ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இதில் வேண்டாத கிருமி கலந்திருக்கிறது என்று சொன்னார். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்.

மற்ற இரண்டு புகார்களில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. காஸ்க் ஏலை 11 முதல் 13 டிகிரியில் கொடுப்பதுதான் முறை. ஐஸ் மாதிரி லாகர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத் தெரியும். கையில் பிடித்தால் கண்ணாடி டம்ளர் குளிர்ச்சியாக இல்லை என்றால் மட்டும் புகார் சொல்லுங்கள். நுரை விஷயத்தில் லண்டன்காரர்கள் கஞ்சம்தான். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் குழாய் முனையில் பொடித் துளைகள் போட்ட மூடியை மாட்டி, கெட்டி நுரை எழுப்பிக் கொடுப்பார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று திட்டும். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் நாக்கில் சுள்ளென்று ஒரு சின்னத் துடிப்புகூட இல்லையென்றால் பீப்பாய் செத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கே போவது? சாரிங் கிராஸ் அருகே சாண்டோஸ் பிளேஸில் ‘தி ஹார்ப்’ இருக்கிறது. குறுகலான இடம், சாயங்காலம் நிற்க இடம் கிடைக்காது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த நெரிசல்தான் உங்களுக்குக் காவல். பீப்பாய் புளிக்க நேரமே இல்லை. கேம்ரா என்ற குடிப்போர் அமைப்பு, நாட்டிலேயே சிறந்த பப் என்று 2010க்கான விருதை அதற்குக் கொடுத்தது. லண்டன் பப் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பரோ பகுதியில் டாபர்ட் தெருவின் ‘ராயல் ஓக்’ வேறு ரகம். சசெக்ஸ் லூவிஸ் ஊரின் ஹார்வீஸ் ஆலைக்குச் சொந்தமான பப். ஒரே ஆலையின் சரக்கை நாள் தவறாமல் விற்பதால் அதன் குணம் அங்கே அத்துப்படி.

விலாசத்தை மட்டும் நம்பாதீர்கள். நிலவறைக்காரர் வேலை மாறினால் பப்பும் மாறிவிடும். பார் முன்னால் நின்று அரை நிமிடம் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் பம்பிலிருந்து வாங்குகிறார்களா? அவர்களுடைய டம்ளரில் வாய்க்கு வாய் நுரை வளையம் படிந்திருக்கிறதா? ஒரு பம்பின் பெயர் அட்டையைத் திருப்பி வைத்திருந்தால் சந்தோஷப்படுங்கள். தீர்ந்துபோனதைத் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் கடை அது. சந்தேகம் இருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், கொடுப்பார்கள். நான்கு பம்ப் உள்ள கூட்டமான கடையா, பன்னிரண்டு பம்ப் உள்ள காலிக் கடையா என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

எனக்கு உண்மையில் கோபம் எதில் தெரியுமா? காடியாகிவிட்டது என்று தெரிந்தும் அதைக் குடித்து முடித்திருக்கிறீர்கள். இரண்டு வாய்க்கு அப்புறம் பாரில் வைத்து “இது கெட்டுவிட்டது போலிருக்கிறது” என்றால் போதும். சண்டை போடத் தேவையில்லை. நல்ல பப்பில் மோந்து பார்த்துவிட்டு வேறு ஊற்றித் தருவார்கள், அந்தப் பம்பையும் நிறுத்துவார்கள். “இது இப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தால் அடுத்த பைண்ட் வேறு கடையில். பாதி குடித்துவிட்டுப் போய் நின்றால் எடுபடாது.

மீன் விஷயத்தில் நண்பர் கிண்டல் செய்யவில்லை. மண்டியைச் சீக்கிரம் அடியில் இறக்க, மீனின் காற்றுப்பையை உலர்த்தி எடுத்த ‘ஐசிங்கிளாஸ்’ என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அது மண்டியோடு பீப்பாய் அடியில் தங்கிவிடும் என்பார்கள். உங்கள் சைவத்துக்கு அந்தச் சமாதானம் போதுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போதாது என்றால், அதைச் சேர்க்காத ‘அன்ஃபைன்ட்’ ஏல் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன ஆலைகள் பல இப்போது போடுகின்றன. கொஞ்சம் கலங்கலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.