களி கிண்டும்போது சாமி எங்கே இருக்கும்?

கேள்வி: அக்கா, காலை 4:30க்கு எழுந்து வாசல் தெளித்து, சமைத்து, வீட்டுக்காரரை ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை ஸ்கூலுக்கும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மணி 9. கல்யாணத்துக்கு முன் அமாவாசை தவறாமல் தீர்த்தமலை ஏறியவள் நான். இப்போது விளக்கேற்றி ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. ‘சாமி நினைப்பே இல்லாத வீடாப் போச்சு’ என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தங்கச்சி, உங்களுக்கே தீர்த்தமலைக் கதை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்கிறேன். ராமர் பூஜைக்கு உட்கார்ந்தாயிற்று, காசித் தீர்த்தம் எடுத்துவரப் போன அனுமாரைக் காணோம், நேரமோ போய்க்கொண்டே இருக்கிறது. அவர் என்ன செய்தார்? பக்கத்துப் பாறையில் அம்பை விட்டு, அதில் வந்த தண்ணீரிலேயே பூஜையை முடித்தார். அப்புறம் வந்து சேர்ந்த அனுமார் கோபத்தில் வீசியெறிந்த தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன்தீர்த்தம் ஆனது என்பார்கள். அங்கே குளித்துவிட்டு மலைக்குப் போவதுதானே வழக்கம்? லேட்டாக வந்த தண்ணீருக்குத்தான் முதல் மரியாதை! உங்கள் அமாவாசைகளும் பிள்ளைகள் தலையெடுத்ததும் வரும். அதுவரை பக்கத்தில் இருக்கிற பாறையைப் பாருங்கள்.

எங்கள் அம்மாவுக்கு அது களிப் பானை. நொய் வெந்து குழைந்ததும் ராகி மாவைக் கொட்டி, கொஞ்ச நேரம் மூடி வேகவிட்டு, இறக்கி வைத்துத் துடுப்பால் கிண்ட ஆரம்பித்தால் யார் கூப்பிட்டாலும் ‘ம்’ கூட வராது, ஏனென்றால் கவனம் போனால் கட்டி விழும். அப்புறம் கையைத் தண்ணீரில் நனைத்து முதல் உருண்டை, அதில் ஒரு கிள்ளு காக்கைக்கு. சாமி அறையெல்லாம் கிடையாது, ஆணியில் ஒரு முருகன் காலண்டர், அவ்வளவுதான். பிற்காலத்தில் நான் காசு கட்டித் தியான வகுப்புக்குப் போனபோது, ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் துடுப்புச் சத்தம்தான் கேட்டது. (கட்டிய காசு வீண் என்று சொல்லவில்லை. கொஞ்சம் வீண்தான்.)

நீங்களும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோலமோ, கடைசிப் பிள்ளைக்குத் தலை பின்னுவதோ, எதுவானாலும் சரி. அந்த ஐந்து நிமிஷம் போன் வேறு அறையில் இருக்கட்டும். தினமும் அமையாது, பாதி நாள் கத்திக்கொண்டேதான் பின்னுவீர்கள், பரவாயில்லை.

அதற்காக ‘வீட்டு வேலையே தவம்’ என்று எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டுகிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளக்கேற்றும் வேலையை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். குத்தலாக வேண்டாம், ‘உங்க கையால ஏத்துங்க அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கும் அது பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்காரரும் தன் டிபன் டப்பாவைத் தானே கட்டிக்கொள்ளலாம், கை தேய்ந்துவிடாது.

கேள்வி: ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி 11 ஆகிவிடுகிறது. அந்நேரத்தில் விளக்கேற்றிக் கும்பிடலாமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கும்பிடலாம் தம்பி. ஆனால் முதலில் சாப்பிடுங்கள். உங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பவர் இருந்தால் அவரையும் உட்காரவைத்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். தூக்கக் கலக்கத்தில் விளக்கைக் குளிர வைக்காமல் படுத்துவிடாதீர்கள், பக்கத்தில் காலண்டர் தொங்கினால் இன்னும் கவனம்.