கேள்வி – பதில்: ஒரு கோடாரி, இரண்டு பல்கலைக்கழகங்கள்

(சென்ற மாதம் ஒரு பதிலில், கலிஃபோர்னியாவில் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கோடாரிக்காக அடித்துக்கொள்கின்றன என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி மட்டும் கேட்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை, கோபிக்காதீர்கள்.)

கேள்வி: என் மகள் பெர்க்லியில் எம்.எஸ். படிக்கிறாள். நவம்பர் மாதம் போன் செய்தால், "பிக் கேம் வாரம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாள். அப்படி என்ன பெரிய விளையாட்டு? – கோவை வாசகி

அமெரிக்கன் ஃபுட்பால் அம்மா. நாம் காலால் உதைத்து ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிற ஆட்டம். பெர்க்லிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் நடுவே சான் பிரான்சிஸ்கோ வளைகுடா கிடக்கிறது, காரில் ஒரு மணி நேரத் தூரம், டிராஃபிக் இருந்தால் இரண்டு. பெர்க்லி 1868ல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். ஸ்டான்ஃபோர்டு, ரயில் கம்பெனி முதலாளியும் முன்னாள் கவர்னருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு, டைபாய்டு காய்ச்சலில் 15 வயதில் இறந்துபோன தன் ஒரே பையன் நினைவாக மனைவியோடு சேர்ந்து கட்டியது, வகுப்புகள் தொடங்கியது 1891ல். அரசுப் பணத்தில் படிக்கிறவர்கள், பணக்காரர் கட்டியதில் படிக்கிறவர்கள் என்ற உரசல் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, இன்றும் இரு பக்கமும் கிண்டலுக்கு முதலில் எடுப்பது அதைத்தான். வருடம் ஒரு முறை இரண்டும் மோதும் ஆட்டத்துக்குப் பெயர்தான் பிக் கேம். அந்த வாரம் முழுக்க ஊர்வலம், பாட்டு, பெர்க்லியின் திறந்தவெளி கிரீக் தியேட்டரில் பெரிய சொக்கப்பனை என்று அமர்க்களமாக இருக்கும். மகள் போன் எடுக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், சத்தத்தில் கேட்டிருக்காது.

கேள்வி: முதல் ஆட்டத்துக்குப் பந்தையே கொண்டுவர மறந்துவிட்டார்களாமே, நிஜமா? – திண்டுக்கல் வாசகர்

நிஜம்தான். 1892 மார்ச் 19, சான் பிரான்சிஸ்கோவில் ஹெய்ட் தெரு மைதானம். ஸ்டான்ஃபோர்டு திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே முதல் செட்டில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்காவின் 31வது ஜனாதிபதி ஆனாரே அவரேதான். டிக்கெட், வசூல் எல்லாம் தன் தலையில்தான் விழுந்தது என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து அச்சடித்த டிக்கெட் தீர்ந்துபோக, வாசலில் நின்று வெள்ளிக்காசும் தங்கக்காசுமாக வாங்கி, அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் இரவல் வாங்கிப் போட்டு நிரப்பினார்களாம். எல்லாம் சரி, இரண்டு கேப்டன்களும் நடுவில் வந்து நின்று "பந்து எங்கே?" என்று கேட்டபோதுதான் இரண்டு பக்கமும் விழித்தது. ஆள் ஓடிப்போய்க் கடையில் வாங்கிவரும் வரை மொத்தக் கூட்டமும் சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஸ்டான்ஃபோர்டு 14–10 என்று ஜெயித்தது. பிறந்து ஆறு மாதமான கல்லூரியிடம் தோற்றதை அந்தக் காலத்துப் பெர்க்லிக்காரர்கள் எப்படித் தாங்கினார்களோ!

கேள்வி: கோடாரி எப்படி உள்ளே வந்தது? பரிசு என்றால் கோப்பைதானே கொடுப்பார்கள்? – விருதுநகர் வாசகர்

யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை, திருடினார்கள். 1899 ஏப்ரலில் இரு பல்கலைக்கழகங்களுக்கும் சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் ஆட்டம். ஸ்டான்ஃபோர்டு பையன்கள் மரம் வெட்டுகிற பெரிய கோடாரி ஒன்றைக் கொண்டுவந்து, கோஷம் போட்டபடியே பெர்க்லியின் நீலமும் தங்கமுமான ரிப்பனை அதால் வெட்டி வெறுப்பேற்றினார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது என்னவோ பெர்க்லி. ஜெயித்த கையோடு கோடாரியையும் பிடுங்கிக்கொண்டு ஓட, பின்னால் ஸ்டான்ஃபோர்டு கூட்டம் துரத்த, ஊர்த் தெருக்கள் வழியாகப் பெரிய ஓட்டமே நடந்திருக்கிறது. கைமாற்றிக் கைமாற்றி ஓடியவர்கள் வழியில் ஒரு கறிக்கடைக்குள் புகுந்து, பிடியை அறுத்து எறிந்துவிட்டு இரும்புத் தலையை மட்டும் ஒருவன் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டான். அப்போது வளைகுடாவின் மேல் பாலம் கிடையாது, படகில்தான் பெர்க்லிக்குப் போக வேண்டும். படகுத்துறையில் போலீஸ் காவல். அந்த நேரம் பார்த்து தெரிந்த பெண் ஒருத்தி எதிர்ப்பட, அவளோடு பேசிக்கொண்டே ஒன்றும் அறியாதவன் மாதிரி ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு 31 வருடம் கோடாரி பெர்க்லியில், வங்கிப் பெட்டகத்தில். வருடம் ஒரு தடவை ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள், உற்சவருக்குக் கிடைக்கிற மரியாதைதான். 1930 ஏப்ரலில் அப்படி எடுத்து முடித்து, கவச வண்டியில் வங்கி வாசலுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கிறோம் என்று சிலர் சொல்ல, கோடாரி வைத்திருந்தவர் பெருமையாகத் தூக்கிக் காட்ட, ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது, கூடவே புகை. கண்ணைக் கசக்கித் திறந்து பார்த்தால் கோடாரியைக் காணோம். வந்தவர்கள் 21 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். 'அழிவற்ற 21 பேர்' என்று அந்தக் கல்லூரி இன்றைக்கும் அவர்களைக் கொண்டாடுகிறது, எனக்குத் தெரிந்து படிப்பில் முதலிடம் வந்தவர்களுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை!

இப்படியே போனால் யாராவது கை கால் இழப்பார்கள் என்று 1933ல் நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசி, பிக் கேமில் ஜெயிக்கிறவர்களிடம் அந்த வருடம் கோடாரி இருக்கட்டும் என்று முடிவு செய்தன. அதற்குப் பிறகும் திருட்டு முழுசாக நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: இந்தப் போட்டியில் உயிரிழப்பு எதுவும் நடந்ததுண்டா? – வேலூர் வாசகர்

உண்டு, ஆனால் சண்டையால் அல்ல. 1900 நவம்பர் 29, நன்றி தெரிவிக்கும் நாள், ஆட்டம் சான் பிரான்சிஸ்கோவில். டிக்கெட்டுக்குக் காசில்லாத பையன்கள் நூற்றுக்கணக்கில் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையின் கூரை மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தொழிற்சாலை புதிது, உலை அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாரம் தாங்காமல் கூரை உள்ளே விழுந்தது. உலையின் மேலேயே விழுந்தவர்கள் பலர். அன்றும் அடுத்த நாட்களிலுமாக 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் போட்டியில் பார்வையாளர்களுக்கு நேர்ந்த விபத்துகளில் இவ்வளவு பேரைப் பலிகொண்டது வேறில்லை. மைதானத்துக்குள் இருந்தவர்களில் பலருக்கு விஷயமே தெரியாமல் ஆட்டம் முடிந்தது. பந்து மறந்த கதையும் கோடாரிக் கதையும் சொல்லும் பலர் இதைச் சொல்வதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

கேள்வி: ஒரு வருட ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதிலேயே இன்னும் சண்டை இருக்கிறது என்று படித்தேன். – தஞ்சாவூர் வாசகர்

1982 நவம்பர் 20, பெர்க்லி மைதானம். அமெரிக்காவில் 'தி ப்ளே' என்று சொன்னால் போதும், எதைச் சொல்கிறோம் என்று புரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டின் நட்சத்திரம் ஜான் எல்வேக்கு அது கடைசிக் கல்லூரி ஆட்டம், பிறகு டென்வர் அணிக்காக ஆடி இரண்டு சூப்பர் பௌல் (தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டம்) ஜெயித்தாரே அவர். 19–17 என்று பின்தங்கியிருந்த அணியை அவர் கடைசி நிமிடத்தில் முன்னேற்றிக் கொடுக்க, உதைப்பில் மூன்று புள்ளி கிடைத்து 20–19. மீதி நாலே விநாடி. ஸ்டான்ஃபோர்டு பையன்கள் துள்ளிக் குதித்தார்கள், அதற்குத் தண்டனையாக 15 கெஜம் பின்னால் போய்ப் பந்தை உதைக்க வேண்டி வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்னால் எறிவதற்குத்தான் இந்த ஆட்டத்தில் கட்டுப்பாடு, பக்கவாட்டிலோ பின்பக்கமோ எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். பெர்க்லியின் கெவின் மோயன் பந்தை எடுத்து ரிச்சர்ட் ராட்ஜர்ஸிடம் போட்டார், அவர் டுவைட் கார்னரிடம், கார்னர் ஆட்கள் மேலே விழுந்து அமுக்கும்போதே மறுபடி ராட்ஜர்ஸிடம், அவர் மேரியட் ஃபோர்டிடம், ஃபோர்டு விழுந்துகொண்டே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்காமல் மோயனிடம். ஐந்து கைமாற்றம். இதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்குழு மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கி வாசித்துக்கொண்டிருக்கிறது. மோயன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, புள்ளி கிடைக்கிற கடைசி எல்லைக்குள் போய், டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன் மேல் பந்தோடு குதித்தார். ரேடியோவில் வர்ணனை செய்த ஜோ ஸ்டார்க்கி, பேண்டு உள்ளே வந்துவிட்டது என்று தொண்டை கிழியக் கத்திய ஒலிப்பதிவை இன்றும் போட்டுக் கேட்கிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, கையைத் தூக்கி, பெர்க்லிக்கு 25–20 என்றார்கள்.

கார்னரின் முழங்கால் முன்பே தரையில் பட்டுவிட்டது (பட்டால் ஓட்டம் அத்தோடு முடிந்தது), கடைசி வீச்சு முன்பக்கம் போனது என்பது ஸ்டான்ஃபோர்டின் வாதம். ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு மாற்றுகிற வழக்கம் அப்போது கிடையாது. வீடியோவைப் பார்த்த அளவில் முழங்கால் விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது, ஆனால் பேண்டையே உள்ளே விட்டுவிட்டு நியாயம் பேசுவது கஷ்டம். சில நாளில் ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகைக்காரர்கள் பெர்க்லி மாணவர் பத்திரிகையைப் போலவே ஒரு போலி இதழ் அச்சடித்து, வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே வழங்கப்பட்டது என்று தலைப்புச் செய்தி போட்டுப் பெர்க்லி வளாகத்திலேயே பரப்பினார்கள், நம்பி இடிந்துபோனவர்கள் பலர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோடாரி பதித்த பலகையில் எல்லா வருட ஸ்கோரும் இருக்கும். அது ஸ்டான்ஃபோர்டின் கைக்குப் போகும்போதெல்லாம் 1982ஐ 20–19 ஸ்டான்ஃபோர்டு என்று மாற்றிவிடுவார்கள். பெர்க்லிக்கு வந்ததும் 25–20 ஆகிவிடும். இரண்டுமே நாட்டில் முதலிடம் பிடிக்கிற ஃபுட்பால் கல்லூரிகள் என்று பெரும்பாலான வருடங்களில் சொல்லிவிட முடியாது. அலபாமா, ஒஹையோ மாதிரி இடங்களில் இதைவிட நல்ல ஆட்டம் பார்க்கலாம். ஆனால் ஸ்கோரையே திருத்தி எழுதுகிற இந்த வீம்பு அங்கே கிடைக்காது, பிக் கேம் இத்தனை வருடம் ஓடுவது ஆட்டத்தைவிட அதனால்தான் என்பது என் கட்சி.

கேள்வி: அமெரிக்காவிலேயே பழைய கல்லூரிப் போட்டி இதுதானா? – காரைக்குடி வாசகர்

இல்லை. ஹார்வர்டு–யேல் 1875லேயே ஆடிவிட்டார்கள். அதிக தடவை மோதியவர்கள் பென்சில்வேனியாவில் லீஹை, லஃபயெட் என்ற இரு அண்டைக் கல்லூரிகள். 1884ல் ஆரம்பித்து 150வது ஆட்டத்தை 2014ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் வைத்தார்கள்.

கேள்வி: நடுவில் நின்றதே இல்லையா? – சேலம் வாசகர்

நின்றிருக்கிறது. 1905 வாக்கில் இந்த ஆட்டத்தில் அடிபட்டுச் சாகிறவர்கள் அதிகமாகி நாடே கவலைப்பட்டது. இரு கல்லூரிகளும் 1906 முதல் ரக்பிக்கு மாறிவிட்டன. 1915ல் பெர்க்லி திரும்ப ஃபுட்பாலுக்குப் போக, ஸ்டான்ஃபோர்டு ரக்பியிலேயே நிற்க, சில வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ரக்பி பழக்கம் வீண்போகவில்லை, 1920, 1924 ஒலிம்பிக்கில் அமெரிக்கா ரக்பி தங்கம் வாங்கியது பெரும்பாலும் கலிஃபோர்னியா பையன்களால்தான். இரண்டாம் உலகப் போரில் 1943 முதல் 1945 வரை ஸ்டான்ஃபோர்டு அணியே வைக்கவில்லை. 1963ல் கென்னடி கொல்லப்பட்டதால் ஒரு வாரம் தள்ளிப்போனது, 2018ல் காட்டுத்தீப் புகையால் டிசம்பருக்கு.

கேள்வி: நமக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? – மதுரை வாசகர்

ஆட்டத்தில் இல்லை. தமிழ் செம்மொழி என்று 2000ல் வாதாடிக் கடிதம் எழுதிய ஜார்ஜ் ஹார்ட் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். உங்கள் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். நம் கணக்கில் இப்போதைக்கு டிரா.

கேள்வி: இரண்டும் வேறு லீகுக்குப் போய்விட்டதாமே? – சிங்கப்பூர் வாசகர்

ஆமாம், கூத்து அது. டிவி பணத்தைத் துரத்திக்கொண்டு மற்றவை ஒவ்வொன்றாக விலக, பழைய பசிபிக் லீக் உடைந்தது. போக்கிடம் இல்லாமல் 2024 முதல் இரண்டும் அட்லாண்டிக் கடற்கரை லீகில், அதுவும் டிவி வருமானத்தில் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டு சேர்ந்தன. பசிபிக் ஓரத்தில் இருந்துகொண்டு பாஸ்டனுக்கும் மயாமிக்கும் விமானம் ஏறுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே போனதால் பிக் கேம் தப்பித்தது.

கேள்வி: மகன் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போகிறோம். டிக்கெட் எடுக்காமல் பார்க்க வழி உண்டா? – நாகர்கோவில் வாசகர்

இரட்டைப்படை வருடமாகப் பார்த்துப் போங்கள், அப்போதுதான் பெர்க்லியில் நடக்கும். 1923ல் கட்டிய அந்த மைதானம் நிலநடுக்கப் பிளவு ஒன்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, சமீபத்தில் புதுப்பித்தபோது பிளவின் மேல் வரும் பகுதிகளைத் தனித்தனியாக நகரும்படி கட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு குன்று, பெயரே 'கஞ்சன் குன்று'தான். ஏறி உட்கார்ந்தால் பைசா செலவில்லாமல் மைதானத்தின் பெரும்பகுதி தெரியும். ஒரு விஷயம், பெர்க்லி புள்ளி எடுக்கும்போதெல்லாம் வெடிக்கிற பீரங்கி அதே குன்றில்தான் இருக்கிறது. 1991ல் ஓர் ஆட்டத்தில் (ஸ்டான்ஃபோர்டோடு இல்லை) வெடிமருந்தே தீர்ந்துபோகிற அளவுக்கு வெடித்தார்கள். காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள்.