பிள்ளையை எதிர்ப்பக்கம் இறக்கிவிடுகிறார்கள்: என்ன செய்யலாம்?

வணக்கம் சகோதரி. கருங்கல் ரோட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிடுகிறார்கள், பஸ்ஸில் ஆயாவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு டிரிப் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆயா வைப்பது பள்ளியின் தயவு அல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பஸ் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகள் உதவியாளர் கட்டாயம் என்கின்றன. பள்ளி முதல்வருக்கு இதைக் குறிப்பிட்டு, பஸ் நம்பர், நேரம், இறக்கும் இடம் எழுதிக் கடிதம் கொடுங்கள். நகலில் கையொப்பம் வாங்க மறக்காதீர்கள். வாய்வார்த்தை நிற்காது.

என் மகனுக்கும் இதே தொல்லை இருந்தது. ஆள் போட மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் நான் கேட்டது வேறு: பஸ் அதே வழியாகத்தானே திரும்பி வருகிறது, திரும்பும்போது எங்கள் பக்கம் இறக்குங்கள் என்றேன். பத்து நிமிடம் தாமதம், ஆனால் ரோடு கடக்கிற வேலையே இல்லை. மறுநாளே ஒத்துக்கொண்டார்கள்!

அதுவரை நீங்களே எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். பஸ்ஸை ஒட்டி முன்னால் நடக்கிற சின்னப் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பஸ் கிளம்பிப் போனபிறகு கையைப் பிடித்துக் கடந்து வாருங்கள். மழைக்காலத்தில் நம்மூர் வளைவுகளில் பைக் ஓட்டுகிறவர்கள் வருகிற வரத்து உங்களுக்கே தெரியும்.

பள்ளி அசையாவிட்டால் அந்த நகலோடு மார்த்தாண்டம் ஆர்டிஓ (வட்டாரப் போக்குவரத்து) அலுவலகத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.