விளம்பர மின்னஞ்சல்: வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

“சந்தாதாரர்களுக்கு எவ்வளவு இடைவெளியில் விளம்பர மின்னஞ்சல் அனுப்பலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சிறு வணிகத்துக்காகச் சில ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவன் நான். முதலில் ஒரு தாளை எடுத்து, அடுத்த இரண்டு மாதங்களில் என்னென்ன எழுதப் போகிறீர்கள் என்று தலைப்புகளைக் குறித்துப் பாருங்கள். எட்டு தேறினால் வாரம் ஒன்று. நான்குதான் என்றால் இரு வாரத்துக்கு ஒன்று. ‘தள்ளுபடி’, ‘மீண்டும் தள்ளுபடி’, ‘இன்றே கடைசி’ என்பவை மட்டுமே வந்தால், இடைவெளியை மாற்றிப் பயனில்லை.

நான் இதைச் செய்யாமல், வாரம் ஒன்றாக இருந்ததை மூன்றாக்கினேன். முதல் மாதம் விற்பனை கூடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் மாதம் பட்டியலைப் புரட்டினால், வழக்கமாக வாங்குகிறவர்களே சத்தமில்லாமல் விலகியிருந்தார்கள். பயந்துபோய் அடியோடு நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து ஒரு சலுகையை அனுப்பிய அன்று குவிந்த ஸ்பேம் புகார்கள் (‘இது வேண்டாத அஞ்சல்’ என்று பெறுபவர் குறிப்பது), வாரம் மூன்று அனுப்பிய காலத்தில்கூட வந்ததில்லை. எங்களையே மறந்துவிட்டிருந்தார்கள்! அடிக்கடி அனுப்புவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீண்ட மௌனமும் அதே அளவு கெடுதல். மாதம் ஒன்றுக்குக் கீழே போகாதீர்கள்.

இந்தப் புகார்களைப் பற்றி நான் சொல்லக் காரணம் உண்டு. மொத்தமாக அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கியது. ஸ்பேம் புகார் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது என்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தாலே எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள். அதன்பின் விரும்பிப் படிப்பவர்களுக்கும் உங்கள் அஞ்சல் இன்பாக்ஸில் விழாமல் போகலாம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அஞ்சலிலுள்ள ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. எனவே படிக்காதவரும் திறந்ததாகவே கணக்கில் வருவார்.

சோதித்துப் பார்க்க விரும்பினால், பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒன்று, மறுபாதிக்கு இரண்டு. குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். வருமானம் உடனே தெரியும், சலிப்பு மெதுவாகத்தான் தெரியும். ஒரு மின்னஞ்சலுக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கிடாதீர்கள். தொடக்கத்தில் இருந்த ஒவ்வொரு சந்தாதாரருக்கும் எவ்வளவு வந்தது என்று பாருங்கள், விலகிப்போனவர்களையும் சேர்த்து.

எல்லோருக்கும் ஒரே இடைவெளி தேவையுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் இரண்டு மூன்றைக்கூட ஆவலோடு படிப்பார். ஆறு மாதமாக எதையும் சொடுக்காதவருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சேரும் படிவத்திலேயே ‘வாரம் ஒருமுறை எழுதுவோம்’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பிணக்கு வராது.

விலகும் பக்கத்தில் ‘மாதம் ஒன்று போதும்’ என்ற தெரிவையும் பிற்பாடு வைத்தோம். விலகும் பொத்தானை ஒளித்துவிடாமல், அதன் பக்கத்திலேயே. போக வந்தவர்களில் பலர் அதைத் தேர்ந்துகொண்டு இருந்துவிட்டார்கள். மற்றவர்களின் பட்டியல்களில் நானும் அதைத்தான் தேடுகிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை, விலகிவிடுகிறேன்.