நாலு பக்கமும் நெல் இருந்தால்

அன்புள்ள அண்ணா,

அப்பா எழுதிவைத்த முப்பது சென்ட்தான் எங்களுக்கு. அதில் பத்து சென்ட்டில் வீடு கட்ட மனு கொடுத்தேன். சுற்றிலும் நெல்வயல், முடியாது என்று தள்ளிவிட்டார்கள். மூன்று வருடமாகத் தரிசாகக் கிடக்கும் இடம் அது. வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கல் நட்டு, கொடி கட்டி பிளாட் விற்கிறார்கள். லண்டனில் இருக்கும் மச்சான், அங்கே பச்சை வளையத்திலேயே வீடு கட்ட அரசு இறங்கி வந்துவிட்டது என்கிறான். நமக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?

ப., சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் என் வீடே வயலில்தான் நிற்கிறது. 1980களில் அப்பா லாரி லாரியாகச் செம்மண் அடித்து மேடாக்கினார். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் இன்றும் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஓதம் ஏறும். உங்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் உங்கள் மனுவைத் தள்ளியது சரி என்றே நினைக்கிறேன்.

கேரளத்தின் 2008ஆம் வருட நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வீடே கட்டாதே என்று சொல்லவில்லை. மாவட்டத்தில் வேறு தோதான இடம் இல்லாதவர், சொந்தக் குடியிருப்புக்கு, பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரையும் நகராட்சியில் ஐந்து சென்ட் வரையும் கேட்கலாம். நாலு பக்கமும் வயல் சூழ்ந்த இடத்துக்குத்தான் கிடையாது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரியே இதுதான்.

வீடு தனியாக வராது. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே வயல்கள் படிப்படியாக இறங்கும். மேல் வயல் நிரம்பி, மடை வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும். நடுவில் ஒருவர் எட்டு சென்ட் மேடாக்கினார். அந்த வருடமே மேலே தண்ணீர் கட்டி நாற்று அழுகியது, கீழ் வயல்காரர் மோட்டார் வாங்கினார். அப்புறம் வண்டி போக வேண்டுமென்று வரப்பை அகலப்படுத்தினார்கள், கரண்ட் கம்பம் வந்தது. ஐந்து வருடத்தில் கீழ் வயலும் தரிசு. தரிசானதும் அதற்கும் ஒரு மனு! உங்கள் இடம் எப்படித் தரிசானது என்று மடை வழியே மேலே ஒரு நடை போய்ப் பாருங்கள். எங்காவது செம்மண் கிடந்தாலும் கிடக்கும்.

(கேரள ரெவின்யூ பதிவேட்டில் ‘நிலம்’ என்றாலே நெல்வயல். வீடு கட்டத் தோதான மேட்டுக்குப் பெயர் ‘புரயிடம்’. நிலம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்ட கோயம்புத்தூர்க்காரர்கள் உண்டு.)

லண்டன் கதை வேறு. ஊரும் ஊரும் ஒட்டிவிடக் கூடாது என்று 1955க்குப் பிறகு நகரங்களைச் சுற்றி வரைந்த வளையங்கள் அவை. இங்கிலாந்துப் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதற்குள் கோல்ஃப் மைதானமும் உண்டு, பழைய கார் பார்க்கும் உண்டு. 2024 டிசம்பரில் அங்கே ‘கிரே பெல்ட்’ என்று பிரித்தது, ஏற்கெனவே கட்டடம் கண்ட இடங்களையும், அந்தத் தடுப்பு வேலையைப் பெரிதாகச் செய்யாத இடங்களையும். நம் வயல் சும்மா கிடக்கும் வளையம் இல்லையே, ஊர்க் கிணறுகளுக்கு ஊற்று அதுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொறாமைப்படவும் ஒன்றுமில்லை. அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது. அடுத்த வருடமே வரன்முறைப்படுத்த விதிகள் வந்துவிட்டன.

உங்கள் கோபத்தில் நியாயம் இருப்பது வேறு இடத்தில். நெல் போடும் வயலுக்கு அரசு ராயல்டி தருகிறது. 2020இல் தொடங்கியபோது ஹெக்டேருக்கு வருடம் 2,000 ரூபாய். ஹெக்டேர் என்றால் 247 சென்ட். உங்கள் முப்பது சென்ட்டில் நெல் போட்டிருந்தால் 243 ரூபாய் வந்திருக்கும். ஊருக்கே தண்ணீர் பிடித்துவைப்பவனுக்கு இதுதான் கூலி. எழுபதுகளில் கேரளத்தில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல், இன்று இரண்டு லட்சத்தை ஒட்டி வந்து நிற்பதில் என்ன ஆச்சரியம்? இதைக் கேட்டு நீங்கள் சண்டை போட்டால் நானும் வருகிறேன்.

வீட்டுக்கு என்ன வழி? ரோட்டோரம், ஏற்கெனவே வீடுகள் இருக்கும் வரிசையில், ஐந்து சென்ட் புரயிடம் தந்துவிட்டு உங்கள் வயலை வாங்கிக்கொள்ளப் பங்காளிகள் யாராவது சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். இடம் பார்க்கப் போகிறபோது மழை நாளாகப் பார்த்துப் போங்கள். வெயிலில் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும்.